‘உள்ளேன் ஐயா’ சொல்லாத கம்பெனிகள்

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. உன் வயிறு எப்படி? ஹாஸ்டல் சமையல்காரர் இன்னும் அதோடு பகையாகத்தான் இருக்கிறாரா?

நீ சொன்னபடி பங்குச் சந்தை நூலகத்துக்குப் போனேன். சந்தை என்றதும் கூச்சலும் தள்ளுமுள்ளும் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஒரு நீள அறை. இரண்டு டியூப்லைட்டில் ஒன்று, எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது. அலமாரி முழுக்கப் பழைய விலைப் பட்டியல் தொகுதிகள். நூலகர் தூசிக்குப் பயந்து மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். கொள்ளையடிக்க வந்தது நானா அவரா என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன்.

“என்னம்மா வேணும்?”

“பழைய விலை வேணும் சார்.”

“பழைய விலைக்கு இப்ப யாரும் எதுவும் தர மாட்டாங்களே” என்றார். மனிதர் நம்ம கட்சி.

சித்தப்பா போன வாரம் ஓய்வு பெற்றார். பம்ப் ஹவுஸில் கடைசி நாள் மோட்டாரை நிறுத்த மனசு வராமல், அடுத்த ஷிப்ட் ஆளிடம் “நீயே அணைச்சுக்கப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் தெருமுனைக் கடையைப் பிடித்து, எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுகிற காயில் வேலை செய்யப் போகிறார். பலகையில் ‘சுற்றமும் நட்பும்’ என்று எழுதச் சொன்னேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பங்கு வாங்கினால் நாமும் கம்பெனிக்குப் பங்காளி என்கிறார் நூலகர். பங்காளி என்றால் சண்டை வருமே அண்ணா. நீ எதைத்தான் ஆராய்கிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போன் வேண்டாம். அது சித்தப்பா அறையில் இருக்கிறது. அவர் பாதியில் பிடுங்கி “சாப்பிட்டியா” என்று கேட்டே காசைக் கரைத்துவிடுவார்.

குறும்பில் குறை வைக்காத,
வாலு

*

ஏப்ரல் 27

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். வயிறு சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருக்கிறது. அம்மாவைக் கீழ் அறையிலேயே படுக்கச் சொல்.

ஒரு பங்கு ஏன் இன்னொன்றைவிட அதிக லாபம் தருகிறது? சந்தை முழுவதும் ஏறும்போது அதுவும் ஏறுகிறது என்பது பழைய பதில். அந்த ஒரு காரணம் போதாது என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பெனி சின்னதா பெரியதா, அதன் சொத்துக் கணக்கைப் பார்த்தால் பங்கு மலிவா, நினைத்த நேரத்தில் விற்க முடியுமா என்று பல காரணிகள். ஆனால் இதெல்லாம் பணக்காரச் சந்தைகளை அளந்து தைத்த சட்டை. நம்முடையது மாதிரி இப்போதுதான் வளர்கிற சந்தைக்கு அது பொருந்துமா, தோள் தொங்குமா? அதுதான் என் ஆய்வு.

எனக்கு வேண்டியது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எல்லாக் கம்பெனிகளின் விலை, பங்குகளின் எண்ணிக்கை, சொத்து மதிப்பு. டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதோடு உதவித்தொகையும் நின்றுவிடும். வேகமாகச் செய். சித்தப்பாவுக்கு என் வணக்கம். பலகை விஷயத்தில் நான் உன் பக்கம்.

அன்புடன்,
அண்ணன்

*

மே 20

அன்புள்ள காரணி அண்ணாவுக்கு,

அம்மா கீழே படுக்கிறாள். முழங்கால் நலம், முனகல் இப்போது என்னைப் பார்த்துத்தான். உன் சமாதானம் நீடிக்கிறதா?

முதல் கட்டுத் தாள்களை இதோடு அனுப்புகிறேன். சொத்து மதிப்பு, சந்தை மதிப்பு எல்லாம் நூலகர் சொல்லித் தந்தார். வகுப்பில் என் நிலைமையும் அதேதான்: புத்தகத்தைப் பார்த்தால் மதிப்பு நிறைய, சந்தையில் கேட்க நாதி இல்லை.

முதல் நாள் ஆமை வேகம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்றைய செய்தித்தாளில் வருகிற கம்பெனிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்கிறேன். அதில் இருக்கிறவர்களை மட்டும் பிடித்து, தொகுதி தொகுதியாகப் பின்னால் போகிறேன். நடுவில் வந்து நடுவில் போனவர்களை நான் கூப்பிடுவதே இல்லை. இன்றைக்கு ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்களுக்கு மட்டும்தான் வருகைப் பதிவு. கடையை மூடிவிட்டு ஓடிப்போனவர்கள் எதற்கு நமக்கு? லாபத்தில் ஈவே தராதவர்களிடம் இரக்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது? வேலை இப்போது பறக்கிறது. இது சரிதானே?

சித்தப்பா கடைக்காரரிடம் பேசிவிட்டார். முன்பணம் கொடுத்தால் சாவி.

வேகத்தின் மறுபெயர்,
வாலு

*

ஜூன் 30

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. நீ அனுப்பிய எல்லாக் கட்டுகளும் வந்து சேர்ந்தன. கையெழுத்து சுத்தமாக இருந்தது. வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நம் சந்தையில் சின்னக் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளைத் தூக்கிச் சாப்பிடுகின்றன. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை யாரும் எங்கேயும் பார்த்ததில்லை. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி பார்த்தார். அக்டோபர் கருத்தரங்கில் இதை நான்தான் படிக்க வேண்டும் என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் உன் கடிதத்திலேயே தெரிந்தது. சாப்பிடும்போது எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா ‘தூக்கிச் சாப்பிடுகின்றன’ என்ற வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். சாப்பிடும்போது அதைக் கேட்க நன்றாக இருந்ததாம்.

அவருக்கு அன்றைக்கு ஒரு சின்ன வேடிக்கை காட்டினேன். அதை அப்புறம் சொல்கிறேன், பெரிய விஷயம் இல்லை.

சும்மா ஒரு கேள்வி. சின்னக் கம்பெனி லாபம் தரும் என்றால், எந்தச் சின்னக் கம்பெனியும் தருமா? ஒருவர் ஒரே ஒரு கம்பெனியில் மொத்தப் பணத்தையும் போட்டால் எப்படி? சும்மாதான் கேட்கிறேன்.

சித்தப்பா கடைச் சாவியை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அந்த வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் சித்தப்பா, “எந்தக் கம்பெனின்னு எழுதலையா?” என்றார். “எழுதியிருக்கானே, ரகசியமா வச்சுக்கச் சொல்லியிருக்கான்” என்றேன். உள்ளே போய்ப் பட்டியல் தாளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தேன். பென்சில் ஒரு பொத்தான் கம்பெனி மேல் நின்றது. சட்டைப் பொத்தான். வெளியே வந்து, “பொத்தான்தான் சித்தப்பா. எல்லாரும் சட்டை போடறாங்க இல்ல?” என்றேன். அவர் சிரித்தார். எனக்கு வேடிக்கை புரிந்த மாதிரி அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஓய்வுப் பணம் முழுவதையும் பொத்தானில் போட்டுவிட்டார் அண்ணா. கடை முன்பணத்துக்கு வைத்திருந்ததையும் சேர்த்து.

விலை ஏறியிருக்கிறது. தினமும் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொள்கிறார். “என் அண்ணன் பையன் படிச்ச படிப்பு” என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஏறுகிறதே, அப்புறம் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? நீ போன் செய்து, அது உன் வார்த்தை இல்லை, என் விளையாட்டு என்று சொல்லிவிடு. என்னால் முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் வாய் பொத்தான் போட்டுக்கொள்கிறது.

தப்பு செய்த,
வாலு

*

செப்டம்பர் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். உன்மேல் கோபம் இல்லை.

போன் செய்தேன். சித்தப்பா சந்தோஷமாக இருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சு போகவில்லை.

கடையைக் காரணம் காட்டி, பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கச் சொல். மொத்தமாக வேண்டாம்.

இன்னொரு வேலை. அந்தத் தொகுதிகள் இன்னும் நூலகத்தில் இருக்குமே? நீ விட்டுவிட்ட கம்பெனிகளையும், நடுவில் காணாமல் போனவை எல்லாவற்றையும், அவற்றின் கடைசி மாதம் வரைக்கும் எழுதி அனுப்பு. ஏன் என்று இப்போது கேட்காதே.

அண்ணன்

*

செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே.

சித்தப்பாவிடம், “கடை போயிடும் சித்தப்பா, கொஞ்சம் வித்து முன்பணம் குடுத்துடலாம்” என்றேன். இரண்டு பேரும் தரகர் அலுவலகத்துக்குப் போனோம். தரகர் நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

“விலை இருக்கு பெரியவரே. வாங்கத்தான் ஆள் இல்லை.”

“ஆள் இல்லாம விலை மட்டும் எப்படிங்க இருக்கும்?”

“அது நீங்க கடைசியா வாங்கின விலை. அதுக்கப்புறம் ஒருத்தரும் தொடலை. கோடு போட்டிருக்கு பாருங்க, வியாபாரம் நடக்கலைன்னு அர்த்தம்.”

“அப்ப நடுவுல ஏறுச்சே, அது யாரு ஏத்தினது?”

தரகர் டீயைக் கொஞ்சம் ஆற்றினார். “சின்னக் கம்பெனி பாருங்க. நீங்க வாங்க வாங்க ஏறுச்சு. நீங்கதான் ஏத்தினீங்க.”

சித்தப்பா டீயைக் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது, “அண்ணன்கிட்ட சொல்லாத. படிக்கிற பையன் கவலைப்படுவான்” என்றார்.

நீ கேட்ட கம்பெனிகளைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜூன் வரைக்கும் நான் பக்கத்தைப் புரட்டித் தாண்டிப் போனவை. விலை மெல்ல இறங்குகிறது, அப்புறம் வரிசையாகக் கோடு, அப்புறம் அடுத்த தொகுதியில் பெயரே இல்லை. முக்கால்வாசி சின்னக் கம்பெனிகள் அண்ணா. செத்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பிழைத்ததை மட்டும் எண்ணினால் சின்னக் கம்பெனி லாபம் தராமல் என்ன செய்யும்? பெயிலானவர்களை வாசலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று சொல்கிற மாதிரிதானே?

கண்டுபிடிக்க எனக்கே ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. நான் எப்படி எழுதுகிறேன் என்று மே மாதக் கடிதத்தில் உனக்குச் சொல்லியிருந்தேன். சரிதானே என்று கேட்டும் இருந்தேன். அந்தக் கடிதம் உனக்கு வந்ததா?

வாலு

*

அக்டோபர் 24

அன்புள்ள வாலுவுக்கு,

வந்தது. படித்த அன்றைக்கே தெரிந்தது.

திருத்தி எழுது என்று ஒரு அட்டை எழுதினேன், தபாலில் போடவில்லை. முதலில் இருப்பதை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். போட்டதும் அப்படி ஒரு முடிவு வந்தது. பேராசிரியர் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. ‘வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை’ என்று உனக்கு எழுதியபோது என் பேனா ஒரு தடவை நின்றது.

செப்டம்பரில் போன் செய்தபோது சித்தப்பா, “பொத்தான் ஏறுது பாத்தியா” என்றார். ஒரே ஆள் வாங்கினால் அப்படித்தான் ஏறும் என்று எனக்குத் தெரியும். என் ஆய்வின் நான்காவது அத்தியாயமே அதுதான். பொத்தானை நான் சொல்லவில்லை என்று சொன்னால், சின்னக் கம்பெனி பற்றி நான் எழுதியதும் பொய் என்று சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னால் பேராசிரியரிடமும் சொல்ல வேண்டும். “சாப்பிட்டேன் சித்தப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

செத்த கம்பெனிகளையும் சேர்த்துவிட்டேன். அந்தப் பெரிய வித்தியாசம் கரைந்துவிட்டது. மிஞ்சியது ஒரு காரணிதான்: விற்க நினைக்கும்போது விற்க முடியுமா என்பது. போன வாரம் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருத்தரங்கில் நான் படிக்கவில்லை. ஆய்வேட்டைத் திருத்தி எழுத ஜூன் வரை நேரம் தந்திருக்கிறார், உதவித்தொகை கிடையாது. மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீ செய்தது விளையாட்டு. நான் செய்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

அண்ணன்

*

நவம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம் என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன்.

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்வாய் என்று நானும், நான் சொல்வேன் என்று நீயும் இருந்தால் அவருக்குக் கோடு மட்டும்தான் மிஞ்சும். அவர் யாரோ கொடுத்த பழைய மேசை விசிறி மோட்டாரைத் தரையில் போட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் பென்சில் வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன்.

“கண்ணை மூடிக்கிட்டா?” என்றார்.

“ஆமா சித்தப்பா.”

“அவன் எழுதவே இல்லையா?”

“பொத்தான்னு எழுதலை. சின்னக் கம்பெனின்னு எழுதினான். அதுவும் தப்புன்னு அவனுக்குத் தெரியும்.”

“எப்பத்துல இருந்து தெரியும்?”

சொன்னேன். கம்பியின் முனையை விரலில் பிடித்துக்கொண்டே இருந்தார். விட்டால் சுற்றியதெல்லாம் பிரிந்துவிடும்.

“நீ சின்னப் பொண்ணு, விளையாடின. நானும் கெழவன், ஆசைப்பட்டேன். அவன் போன்ல பேசினானே வாலு. நான்தான் சாப்பிட்டியான்னு கேட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

நான் தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கினேன். அவரே, “சரி, போய்ச் சாப்பிடு” என்றார்.

போன திங்கட்கிழமை பொத்தான் தொழிற்சாலைக்கு நேரிலேயே போய்ப் பார்த்தோம். கேட்டில் வங்கியின் பூட்டு. காவலாளி உள்ளே விடவில்லை. வாசலில் சிதறிக் கிடந்த பொத்தான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சித்தப்பா எடுக்கவில்லை.

தெருமுனைக் கடையை வேறு ஒருவர் எடுத்துவிட்டார். அவரும் காயில் சுற்றுகிறவர்தான்.

வாலு

*

நவம்பர் 30

அன்புள்ள வாலுவுக்கு,

சித்தப்பாவுக்கு எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். ஐந்தாவதில் உனக்கு எழுதுகிறேன்.

பொத்தான் கம்பெனியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. என் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். நீக்கிய மாதத்துக்கு விலை கிடையாது. கட்டம் காலியாக இருக்கிறது. காலியாக விட்டால் பழைய தவறேதான் மறுபடி. இந்த மாதிரி கம்பெனிகளுக்கெல்லாம் கடைசி மாதத்தில் முப்பது சதவீத நட்டம் என்று போட்டுக்கொள்ளலாம், அதுதான் வழக்கம் என்கிறார் பேராசிரியர். உண்மையில் கையில் ஏதாவது திரும்பி வருமா என்று சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டு எழுது.

என்னைப் பற்றிக் கேட்டாரா?

அண்ணன்

*

டிசம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். நீ மாலை வகுப்புக்குப் போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா எழுதச் சொன்னாள்.

சித்தப்பா இப்போது தெருமுனைக் கடையில்தான் இருக்கிறார். முதலாளியாக இல்லை, தினக் கூலிக்கு. பம்ப் ஹவுஸ் மோட்டாரையே வருஷக்கணக்காகக் கட்டி மேய்த்தவர் என்று அந்தக் கடைக்காரருக்கு அவர் மேல் மரியாதை. அதனால் ‘வா, போ’ இல்லாமல் ‘வாங்க, போங்க’ என்று வேலை வாங்குகிறார். மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள் நான்தான். அங்கே வைத்துத்தான் உன் கேள்வியைக் கேட்டேன். மெதுவாகக் கேட்க எனக்குத் தெரியாதே, உன் கடிதத்தில் இருந்தபடியே கேட்டேன்.

“முப்பது போச்சுன்னா?” என்றார்.

“ஆமா சித்தப்பா. நூத்துல முப்பது நட்டம்னு எழுதிக்குவாங்களாம்.”

“அப்ப மீதி எழுபது யாருகிட்ட இருக்குதாம்? விலாசம் கேட்டு வாங்கு. நானே போய் வாங்கிக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். நல்ல ஜோக்தான் அண்ணா, வேறு நாளாக இருந்தால் நானே திருடி என் பெயரில் விட்டிருப்பேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் டிபன் டப்பாவைத் திறக்காமல் அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டத்தில் நான் நூறு என்று எழுதியிருக்கிறேன். கழித்தல் நூறு. தாள் இதோடு வருகிறது. மற்ற கம்பெனிகளுக்கு உன் பேராசிரியர் என்ன வேண்டுமானாலும் போடட்டும். இதற்கு முப்பதுதான் போட வேண்டும் என்றால், நீ இங்கே வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து போடு.

உன்னைப் பற்றிக் கேட்டாரா என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது, கடிதம் எழுதினால் சித்தப்பா நலமாக இருக்கிறார் என்று எழுதச் சொன்னார்.

எழுதிவிட்டேன்.

வாலு